கோட்டைக்குப்பத்திலிருந்து தோப்பூர் வரை

சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டித் தடத்தில் செல்லும் மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து கிழக்கு நோக்கிப் பேருந்தில் செல்பவருக்கு, நெல்வயல்கள் குறைந்து உவர்நிலமும் சீமைக்கருவேலமும் தென்படத் தொடங்கும் இடத்திலேயே பழவேற்காடு நெருங்கிவிட்டது என்பது விளங்கும். ஊரைத் தாண்டியதும் விரியும் நீர்ப்பரப்பு ஏரி என்று வழங்கப்பட்டாலும், அது உண்மையில் ஒரு காயல் ஆகும். அதாவது, மணல்திட்டு ஒன்றினால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, முகத்துவாரம் எனப்படும் குறுகிய வாயின் வழியாகக் கடல்நீரையும், தெற்கில் ஆரணியாறு, வடக்கில் காளங்கி, சுவர்ணமுகி ஆகிய ஆறுகளின் வழியாக நன்னீரையும் பெற்றுக்கொள்ளும் உவர்நீர்த் தேக்கம். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்ததாக இந்தியாவின் இரண்டாவது பெரிய காயல் இது. இதன் பெரும்பகுதி இன்று ஆந்திரத்திலும் தென்முனை தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. கிழக்கே கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது.

தென்முனையில் முகத்துவாரத்தை ஒட்டியும் காயற்கரையிலும் பரவியுள்ள குப்பங்களில், அதாவது மீனவர் குடியிருப்புகளில், கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்றும் பழைமையான உரிமை முறை ஒன்றினால் பிணைக்கப்பட்டவை. ‘பாடு’ என்று அவர்கள் கூறும் அம்முறையில், மீன்பாடும் இறாற்பாடும் மிகுந்த நீரிடங்கள் வரையறுக்கப்பட்டு, எந்த ஊரார் எந்த நாளில் எந்த இடத்தில் வலையிடலாம் என்பது சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் தீர்மானிக்கப்படுகிறது. ஒருவருக்கு இன்று கிடைத்த நல்ல இடம் நாளை மற்றவருக்குச் செல்லும். இம்முறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிற சமூகத்தாருக்கு இதில் மனக்குறை உண்டு என்பதையும், அதனால் பூசல்கள் எழுந்ததுண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பங்கு யாருக்கு என்ற கேள்விக்கு ஊர் கூடி விடை காணும் ஓர் ஏற்பாடு இக்கரையில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இதே கரையின் பங்கு யாருக்கு என்ற கேள்வி பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தபோது, அதற்கு வேலூரிலிருந்து காவிரிக்கரை வரை குருதியினால் விடை எழுதப்பட்டது. விஜயநகரப் பேரரசின் எஞ்சிய உடலை இரண்டாகக் கிழித்த அந்த உள்நாட்டுப் போர் 1614 அக்டோபரில் தொடங்கிற்று.

கோட்டைக்குப்பம் என்ற பெயரிலேயே வரலாறு உறைந்திருக்கிறது. அக்குப்பத்தை அடுத்துள்ள மேடு, முட்புதர் மண்டி, சிதைந்த செங்கல் துண்டுகள் இடையிடையே தலைகாட்ட, அகழியின் தடம் மட்டும் சுற்றிலும் தெரியக் காட்சியளிக்கிறது. கெல்திரியா என்ற ஒல்லாந்தர் கோட்டை நின்ற இடம் அது. ஒல்லாந்தர் என்போர், இன்று நெதர்லாந்து எனப்படும் நாட்டிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றின் பெயரால் வந்த வணிகர். டச்சுக்காரர் என்றும் அவர்களைக் கூறுவர். கோட்டைக்கு அப்பெயர் வரக் காரணம், அதனை எழுப்பியபோது பொறுப்பிலிருந்த வெம்மர் வான் பெர்க்கெம் என்பவரின் சொந்த மாகாணம் கெல்டர்லாந்து என்பதாகும். மேட்டின் மீது நின்று பார்ப்பவருக்குக் கிழக்கே காயலும் அதற்கப்பால் மணல்திட்டும் தெரிகின்றன. வாய்வழி நுழையும் தோணி எதுவும் இம்மேட்டின் பார்வையிலிருந்து தப்ப இயலாது.

இவ்விடத்திற்கு அன்று இருந்த மதிப்பு துணியினால் விளைந்தது. விஜயநகரக் காலத்தில் அனந்தராயன் பட்டினம் என்றும் வழங்கப்பட்ட இத்துறைமுகத்திற்குப் பின்புலமாக நெசவூர்கள் பரந்து கிடந்தன. அங்கு நெய்து, வண்ணந்தீட்டப்பட்ட துணிகளை மலாக்காவிலும் அதற்குக் கிழக்கேயுள்ள தீவுகளிலும் கொடுத்தால்தான் கிராம்பும் சாதிக்காயும் கிடைத்தன. மிளகுக்கும் நறுமணப் பொருளுக்கும் வெள்ளியைக் காட்டிலும் தமிழக, தெலுங்குத் துணியே சிறந்த மாற்று என்பதை முதலில் போர்ச்சுக்கீசியரும் பின்னர் ஒல்லாந்தரும் உணர்ந்திருந்தனர். எனவே பழவேற்காட்டின் சுங்கம் யார் கையில் இருந்ததோ, அவர் கையில் படை திரட்டும் பணமும் இருந்தது.

அச்சுங்கம் ஓர் அரசியின் கையில் இருந்தது. 1586 முதல் 1614 வரை பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் ஆகிய தலைநகரங்களிலிருந்து ஆண்ட இரண்டாம் வேங்கடபதி ராயரின் விருப்பத்திற்குரிய அரசியான ஓபயம்மாவுக்குப் பழவேற்காட்டு வருவாய் உரியதாக இருந்தது. அவர் கொப்பூரிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அக்குடும்பத்தின் தலைவனாக விளங்கிய ஜக்கராயனே பின்னர் உள்நாட்டுப் போரின் ஒரு தரப்புக்குத் தலைமை தாங்கினான். ஒல்லாந்தர் 1610இல் வேங்கடபதியிடம் இசைவு பெற்று இங்கே பண்டகசாலை அமைத்தனர். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியர் அதனை அழித்தனர். அதன் பின்னரே, அரசியின் ஒப்புதலுடன், 1613இல் கோட்டை எழுந்தது. அடுத்த ஆண்டே பேரரசர் இறந்தார். அதாவது, கோட்டையின் சுண்ணாம்பு உலர்வதற்கு முன்பே அதற்கு இடமளித்த அரசு பிளவுபட்டுவிட்டது.

பிளவின் கதையை விரிவாக எழுதியவர், மானுவேல் பர்ராதாஸ் என்ற போர்ச்சுக்கீசிய இயேசு சபைத் துறவி. 1616 டிசம்பர் 12ஆம் நாளிட்ட அவருடைய கடிதம், போர் முடிவதற்குள் எழுதப்பட்டது என்பதனாலேயே தனிச்சிறப்புடையது. வென்றவரின் அரசவைப் புலவர்கள் பாடியதைப் போல முடிவை அறிந்துகொண்டு தொடக்கத்தைத் திருத்தும் வாய்ப்பு அவருக்கு இல்லை. அவர் தரும் செய்திகளில் எண்கள் சில மிகையாக இருக்கலாம். நிகழ்ச்சிகளின் வரிசை நம்பத்தக்கது.

வேங்கடபதிக்கு ஆண் வாரிசு இல்லை என்பதே சிக்கலின் வேர். அரசியருள் ஒருவர் பெற்றதாக ஒரு சிறுவன் காட்டப்பட்டான். ஆனால் அவன் வேறொரு பெண்ணிடமிருந்து பெறப்பட்டு அரண்மனையில் வளர்க்கப்பட்டவன் என்று அரசரே கருதினார் என்பது பரவலாக நம்பப்பட்டது. எனவே இறப்பதற்கு மூன்று நாள்களுக்கு முன் பெருந்தலைவர்களை அழைத்து, அவர்கள் முன்னிலையில் தம் தமையன் மகனான ஸ்ரீரங்கனிடம் அரசுரிமையைக் குறிக்கும் மோதிரத்தைக் கொடுத்தார். அரசர் இறந்ததும் மூன்று அரசியர் சிதையேறினர். புதிய அரசருக்குத் தலைவர்கள் வணக்கம் செலுத்தினர். மூவர் மட்டும் செலுத்தவில்லை.

அந்த மூவரையும் பர்ராதாஸ் அவர்களது படைபலத்தாலேயே அறிமுகப்படுத்துகிறார்: ஜக்கராயன் 20,000 வீரர்களைக் களத்தில் நிறுத்தக்கூடியவன்; திம்ம நாயக்கன் 12,000 பேரை உடையவன்; மாகராயன் 6,000 பேரை. இவ்வாறு ஒரு தலைவனின் பெயருடன் அவனது வருவாயும் படையெண்ணிக்கையும் சேர்ந்தே சொல்லப்படுவதற்குக் காரணம் அமரநாயக்க முறையாகும். பேரரசர் நிலப்பகுதியின் வருவாயை ஒரு நாயக்கருக்கு ஒப்படைப்பார். நாயக்கர் அதிலிருந்து ஒரு பங்கைத் திறையாகச் செலுத்தி, எஞ்சியதைக் கொண்டு குறித்த அளவு காலாட்களையும் குதிரைகளையும் யானைகளையும் பேணி, அழைக்கும்போது கொண்டுவர வேண்டும். இம்முறையில் வீரன் உண்ட சோறு நாயக்கரின் சோறு. அவன் பேரரசரைக் கண்ணால் கண்டிருக்கவே தேவையில்லை. எனவே நாயக்கர் அணி மாறினால், வேலேந்தியவனும் வெடிதுப்பாக்கி ஏந்தியவனும் கேள்வியின்றி உடன் மாறினர். இப்போரில் இரு தரப்பிலும் மடிந்தவர்களுள் பெரும்பாலோர் தெலுங்கும் தமிழும் பேசிய உழவர் குடும்பத்து ஆண்களாகவே இருந்திருக்க வேண்டும் என்பதையும், அவர்களுள் எவருக்கும் வேலூர் அரியணையில் தனிப்பட்ட வழக்கு எதுவும் இருந்திருக்காது என்பதையும் மறந்துவிட்டு இப்போரைப் படிக்கக் கூடாது.

ஸ்ரீரங்கர் விரைந்து பிழை செய்தார். படைத்தலைவராகிய தளவாயிடம் மூன்று கோட்டைகளைத் தம் மைந்தருக்காகக் கேட்டார். அமைச்சரிடம், முந்தைய அரசரின் பணத்தைக் கவர்ந்ததாகக் குற்றஞ்சாட்டிப் பெருந்தொகை கேட்டார். இறந்த அரசரின் மனைவியருள் ஒருவர் தம் உடன்பிறந்தானிடம் கொடுத்துவைத்த நகைகளையும் கேட்டார். மூன்று கோரிக்கைகளிலும் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அரியணையில் காலூன்றாத ஒருவர் ஒரே வேளையில் மூன்று வலியவர்களின் பையைத் தொடுவது அரசியல் அறிவு ஆகாது. இரண்டு நாள் தவணை கேட்ட அவர்கள் ஜக்கராயனுடன் சேர்ந்துகொண்டனர்.

முதல் மோதல் களத்தில் நிகழவில்லை. வேலூர்க் கோட்டையின் வாயில்களில் நிகழ்ந்தது. வணக்கம் செலுத்த வருவதாகச் சொல்லி ஜக்கராயன் தேர்ந்தெடுத்த 5,000 பேருடன் நுழைந்தான். மற்ற இருவரும் ஆளுக்கு 2,000 பேரை அழைத்து வந்தனர். இரு மதில்களின் வாயில்களிலும் ஆயிரம் ஆயிரம் பேராக நிறுத்தியபடியே அவர்கள் உள்ளே சென்றமையால், கூச்சல் எழுந்து அரண்மனைக் கதவுகள் மூடப்பட்டபோது அரசர் ஏற்கெனவே சிறைப்பட்டிருந்தார். உயிருக்குத் தீங்கில்லை என்ற வாக்கை ஏற்று அவர் குடும்பத்துடன் வெளியே வந்து, வீரர்களின் நடுவே குனிந்த பார்வையுடன் நடந்து சென்றார் என்றும், வழக்கப்படி தலைமேல் கைகூப்பி அவரை வணங்குவார் ஒருவரும் இல்லை என்றும் பர்ராதாஸ் எழுதுகிறார். அரசியின் மகனாகக் காட்டப்பட்ட சிறுவன் அரசனாக முடிசூட்டப்பட்டான்.

எதிர்த்து நின்றவர் ஒருவரே: ரேசெர்ல வெலுகோட்டிக் குடியைச் சேர்ந்த யாசம நாயக்கர். 8,000 பேருடன் கோட்டைக்கு வெளியே இருந்த அவர், சதியில் சேர மறுத்தார். அவர் புதியவர் அல்லர். 1601இல் உத்திரமேரூரில் நிகழ்ந்த போரில் வேங்கடபதியின் சார்பில் வென்று, செங்கற்பட்டு வட்டாரத்தில் பேரரசின் ஆணையை நிலைநிறுத்தியவர். வெலுகோட்டிவாரி வம்சாவளி என்ற தெலுங்குக் குடிவரலாறு அவரைப் போற்றுவது இயல்பே. ஆனால் அவருடைய குடிக்கு எவ்வகையிலும் கடமைப்படாத போர்ச்சுக்கீசியத் துறவியும் அவரது உறுதியைப் பதிவு செய்திருப்பது கருதத்தக்கது. 

யாசமரின் முதல் வெற்றிக்கு உரியவர் படைவீரர் அல்லர். ஒரு சலவைத் தொழிலாளர். அரண்மனைத் துணிகளை எடுத்துச் செல்லும் உரிமை இருந்தமையால் காவலைக் கடக்க முடிந்த அவர், சிறைப்பட்ட அரசரின் இரண்டாம் மகனான ராமதேவனைத் துணிமூட்டைக்குள் மறைத்து வெளியே கொண்டுவந்து யாசமரிடம் சேர்த்தார். பிடிபட்டிருந்தால் அவருக்கு நேர்ந்திருக்கக்கூடியதை ஊகிப்பது எளிது. அடுத்து அரசரையே நிலவறை தோண்டி மீட்க முயன்ற திட்டம் தோற்றது. காவலை முறியடித்து அவரை விடுவிக்க நடந்த மற்றொரு முயற்சியும் வீணாயிற்று. அதன்பின் ஜக்கராயன் தன் தம்பி சின்ன ஓபராயனை அனுப்பி, ஸ்ரீரங்கரையும் அவர் மனைவி மக்களையும் சாகச் செய்தான். அரசரே தம் குடும்பத்தாரைத் தம் வாளால் கொன்று, பின்னர் தாமும் மாய்ந்துகொள்ள நேர்ந்தது என்பது பர்ராதாஸ் தரும் செய்தி. இக்கொடுமைக்குப் பின்னரே, அதுவரை வாளாவிருந்த தலைவர்கள் பலர் யாசமரின் பக்கம் வந்தனர். மூட்டைக்குள் தப்பிய சிறுவன் இல்லையேல் அவர்கள் திரளுவதற்கு ஒரு பெயரும் இருந்திராது.

வேலூரில் இவை நிகழ்ந்துகொண்டிருந்தபோது பழவேற்காடு அமைதியாக இல்லை. கோட்டை கட்டி ஓராண்டுக்குள், 1614இல், எத்திராஜன் என்ற தலைவன் அதனைத் தாக்கினான், தாக்குதல் முறியடிக்கப்பட்டது. ஜக்கராயனின் தம்பியருள் ஒருவனின் பெயரும் எத்திராஜன் என்பதாலும், இக்கரை கொப்பூரிக் குடும்பத்தின் செல்வாக்கில் இருந்ததாலும் இருவரும் ஒருவரே எனக் கொள்வது பொருந்தும். அவ்வாறாயின், போரின் தொடக்க ஆண்டிலேயே அதன் ஒரு முனை கோட்டைக்குப்பத்தின் வாசலைத் தொட்டுவிட்டது. அரசி இசைவளித்த கோட்டையை அரசியின் குடும்பத்தானே தாக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதற்கு ஒரே விளக்கம்தான் பொருத்தமாகத் தோன்றுகிறது: போருக்குப் பணம் வேண்டும், பணம் சுங்கத்தில் இருந்தது, சுங்கத்துறையின் வாயிலில் இப்போது பீரங்கியுடன் ஓர் அயலான் அமர்ந்திருந்தான்.

அந்த அயலானின் படை எவ்வளவு பெரியது? கெல்திரியாவைக் காத்தவர்கள் ஏறத்தாழ 90 பேர். ஜக்கராயன் ஒருவனே வேலூர் வாயிலில் நிறுத்திய காவலர்களுள் பத்தில் ஒரு பங்குகூட அவர்கள் இல்லை. கொப்பூரிப் படை முழுமையும் இக்கரைக்குத் திரும்பியிருந்தால், அகழி சூழ்ந்த அச்சிறு கோட்டை எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்பது ஐயத்திற்குரியது. ஆனால் அப்படை திரும்பவில்லை. யாசமரிடம் தோற்றுக் காடுகளில் புகுந்து, பின்னர் தெற்கே நகர்ந்தது.

தெற்கே நகர்ந்த போர் பெரிதாயிற்று. ஜக்கராயனுக்குச் செஞ்சியின் கிருஷ்ணப்ப நாயக்கரும் மதுரையின் முத்துவீரப்ப நாயக்கரும் துணைநின்றனர். பேரரசின் பிடி தளர்ந்தால் தங்கள் கை ஓங்கும் என்பது அவர்களது கணக்கு. தஞ்சையின் ரகுநாத நாயக்கர் ஒருவரே ராமதேவனின் உரிமையை ஏற்று யாசமருடன் இணைந்தார். திருச்சிராப்பள்ளி வெளியில் இரு தரப்பும் ஆளுக்கு ஓரிலட்சமாக மட்டுமன்றி, மொத்தத்தில் பத்து இலட்சம் அளவுக்குத் திரண்டிருப்பதாகப் பர்ராதாஸ் தம் கடிதத்தை முடிக்கும்போது எழுதுகிறார். அந்த எண்ணை அப்படியே ஏற்க இயலாது. ஆனால் அத்தகைய எண்ணை ஒருவர் எழுதத் துணியும் அளவுக்குக் கூட்டம் இருந்தது என்பதை ஏற்கலாம். கல்லணைக்கு அருகே தோப்பூரில், இன்றைய தோகூர் என்று ஆய்வாளர் கருதும் இடத்தில், போர் நிகழ்ந்தது. ஜக்கராயன் வீழ்ந்தான். செஞ்சி, மதுரை நாயக்கர்கள் ஓடினர், எத்திராஜன் தப்பினான். ராமதேவன் 1617இல் கும்பகோணத்தில் முடிசூட்டப்பட்டான். தஞ்சை அரசவையில் யக்ஞநாராயண தீட்சிதரின் சாகித்திய ரத்னாகரமும், இராமபத்ராம்பா என்ற பெண்பாற்புலவரின் ரகுநாதாப்யுதயமும் இவ்வெற்றியைச் சமஸ்கிருதத்தில் பாடின. பின்னர் ராமதேவன் எத்திராஜனின் மகளையே மணந்து சமாதானம் செய்துகொண்டான். அவனை மூட்டையிலிருந்து ஏற்று மூன்றாண்டு போரிட்ட யாசமரோ அந்த உறவினால் மனம் கசந்து விலகினார்.

தோப்பூரில் இவ்வாறு ஒரு பேரரசின் படைபலம் தன்னைத்தானே அரைத்துக்கொண்ட அதே 1616ஆம் ஆண்டில், கெல்திரியா சோழமண்டலக் கடற்கரை முழுவதிலுமுள்ள ஒல்லாந்தர் நிலையங்களுக்குத் தலைமையிடம் ஆயிற்று. இரு நிகழ்ச்சிகளையும் தனித்தனி நூல்களில் தனித்தனி அதிகாரங்களாகப் படிக்கும் வழக்கம் நமக்கு உண்டு. முன்னது நாயக்கர் வரலாற்றில் வரும். பின்னது ஐரோப்பியர் வருகையில் வரும். கோட்டை மேட்டில் நிற்பவருக்கு அவை ஒன்றே. கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில்தான் அயலவர் வேரூன்றினர். கேட்க வேண்டியவர்கள் காவிரிக்கரையில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தனர்.

விளைவுகள் இக்கரையிலேயே தங்கின. பின்னாளில் இங்கே வெடிமருந்து ஆலை நடந்தது. போராலும் பஞ்சத்தாலும் நிலமிழந்து கடற்கரைக்கு ஒதுங்கிய மக்கள் ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கப்பட்டு, ஒல்லாந்தர் கப்பல்களில் அடிமைகளாகக் கிழக்குத் தீவுகளுக்கு ஏற்றப்பட்டனர். துணி ஏற்றுவதற்குப் புகழ்பெற்ற துறை, மனிதரை ஏற்றும் துறையுமாயிற்று. காயலில் இன்று இறால் வலை வீசும் இடங்களின் வழியாகவே அத்தோணிகள் நங்கூரமிட்டிருந்த கப்பல்களை நோக்கிச் சென்றிருக்க வேண்டும். வடக்கே, இதே காயலின் மறுகோடிக்கருகே உள்ள துர்கராஜபட்டினத்தில், அதாவது ஆர்மகோனில், 1626இல் ஆங்கிலேயர் பண்டகசாலை அமைத்தனர். அங்கிருந்து 1639இல் சென்னைக்கு இடம் தேடினர்.

ஊரின் உட்பகுதியில் உள்ள ஒல்லாந்தர் கல்லறைத்தோட்டத்தை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. நுழைவாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்க, உள்ளே நுண்ணிய எழுத்துகளும் குடும்ப முத்திரைகளும் கொண்ட கற்பலகைகளில் வணிகரும் அவர்தம் மனைவியரும் குழந்தைகளும் பெயருடனும் நாளுடனும் கிடக்கின்றனர். தோப்பூரில் கிடந்தவர்களுக்கு அத்தகைய பலகை ஒன்றுமில்லை. மூட்டை சுமந்த சலவைத் தொழிலாளரின் பெயரைப் பர்ராதாஸும் குறிக்கவில்லை.

பழவேற்காட்டுக்கு வருவோர் பெரும்பாலும் பூநாரைகளைக் கண்டு, பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கம் வரை சென்று, மீன் வாங்கிக்கொண்டு, நேரமிருந்தால் கல்லறைகளையும் பார்த்துத் திரும்புகின்றனர். அவர்கள் கோட்டைக்குப்பத்தின் அருகிலுள்ள அந்த முட்புதர் மேட்டுக்கும் செல்ல வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, ஓபயம்மா, ஜக்கராயன், யாசம நாயக்கர் ஆகிய பெயர்களையும், பெயரற்றுப் போன அந்தத் தொழிலாளரையும் அவ்விடத்தில் நின்றே சொல்லித் தர வேண்டும். பொன்னேரியிலிருந்து பேருந்து நாள்தோறும் செல்கிறது.